கணக்கில் சேராத தோட்டா

கைத்துப்பாக்கியில் சின்னது நல்லதா, பெரியது நல்லதா என்று இன்றைக்கும் என்னிடம் யாராவது கேட்கிறார்கள். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு நான் போலீஸில் ஏட்டாக இருந்தவன் என்று தெரிந்துவிட்டால் போதும், அடுத்து அதைத்தான் கேட்பார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அவர் கேட்பார், நானும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே பதில் சொல்வேன். பெரியது கனம், ஆனால் கையில் நிற்கும். சின்னது இடுப்பில் நிற்கும், கையில் நிற்காது. இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டுவேன். அந்தப் பதில் பொய் இல்லை. ஆனால் பதினைந்து கஜத்துக்குள் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று ஒருகாலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான்.

அப்போது நாங்கள் சுட்டுப் பழகுகிற இடம் நாகமலை அடிவாரத்தில், நாகமலைப் புதுக்கோட்டைக் கிராமத்தைத் தாண்டி இருந்தது. இடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மலைப்பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு. அதன் முன்னால் மரச்சட்டத்தில் கோணி அடித்து, மேலே காகிதம் ஒட்டிய இலக்குகள். நடுவில் தட்டு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். எதிரே பத்து, பதினைந்து, இருபத்தைந்து கஜத்தில் சுண்ணாம்புக் கோடுகள். அந்த இடத்துக்குப் பொறுப்பு நான். காலையில் போய் ஆடு மேய்க்கிறவர்களைச் சத்தம் போட்டு விரட்டுவேன், சிவப்புக் கொடி ஏற்றுவேன், கோடு போடுவேன். சுட்டு முடித்ததும் ஓட்டைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவேன். ஊரில் இருக்கிற ஒவ்வொரு போலீஸ்காரரும் வருஷத்துக்கு ஒரு தடவை என் முன்னால் வந்து நின்று சுட்டுத் தேற வேண்டும். அதனால் என்னைவிடப் பெரிய பதவிக்காரர்கள்கூட என்னிடம் கொஞ்சம் பவ்வியமாகத்தான் பேசுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஓட்டைகளை எண்ணிய பிறகு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆள் சுட்டது எது என்று தெரியாது. அதற்காகக் கறுப்புக் காகிதமும் வெள்ளைக் காகிதமும் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருப்போம். ஒரு கொட்டாங்கச்சியில் கஞ்சிப்பசை இருக்கும். கறுப்பில் விழுந்த ஓட்டைக்குக் கறுப்புத் துண்டு, வெளியே விழுந்ததற்கு வெள்ளைத் துண்டு. மண்மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு கான்ஸ்டபிள் இதற்கென்றே உட்கார்ந்திருப்பார். நான் விசில் அடித்தால் வந்து ஒட்டுவார்.

இதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கோட்டில் வந்து நிற்கிறவர் சுடுகிற முதல் இரண்டு தோட்டா கணக்கில் சேராது. அதற்குக் 'கண் பார்க்கிற தோட்டா' என்று பெயர். அன்றைக்குத் துப்பாக்கி எந்தப் பக்கம் போகிறது, காற்று எப்படி, கை எப்படி என்று பார்த்துக்கொள்வதற்காக அந்த இரண்டு. அவை எங்கே விழுந்தாலும் அதிகாரி பார்க்க வருவதற்கு முன்னால் ஒட்டி மறைத்துவிடுவோம். பிறகு சுடுகிற ஆறுதான் கணக்கு. எந்தச் சட்டத்திலும் இது கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் செய்திருப்பார். நாங்கள் யாரும் இதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. சமைக்கிறவள் குழம்பில் உப்புப் பார்ப்பதைச் சாப்பாட்டில் சேர்ப்போமா, அதுமாதிரிதான் நினைத்தோம்.

என் தங்கை வீட்டுக்காரர் அப்போது சிம்மக்கல் பக்கம் சாதா உடுப்பில் திரிகிற கான்ஸ்டபிளாக இருந்தார். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். நல்ல உயரம், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவில் வேட்டி சட்டையோடு போய் நின்றால் மூட்டை தூக்க வந்தவர் என்று நினைப்பார்கள், அதுதான் அவருக்கு வேலை கிடைத்த காரணமும். சுடுவதில் ரொம்பச் சுமார். வருஷா வருஷம் தட்டுத் தடுமாறித்தான் தேறுவார். நான் அவருக்காக ஒரு ஓட்டைகூடச் சேர்த்து எழுதியதில்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன்.

அவருக்கு இருந்த ஒரே தொந்தரவு அந்தப் பெரிய ரிவால்வர். நீளக் குழல், ஆறு தோட்டா, இரும்புக் கனம். அதை வேட்டி மடிப்பில் சொருகினால் வேட்டி அவிழப் பார்க்கும். பெல்ட்டில் போட்டுச் சட்டையால் மூடினால் இடுப்பில் கட்டி வந்தது மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். வெங்காய மண்டியில் ஒரு பாட்டி அவரைக் கூப்பிட்டு வைத்து, இடுப்புக் கட்டிக்கு எருக்க இலையை வதக்கிக் கட்டச் சொன்னாளாம். இதை அவரே எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தார். மறைவாக வேலை பார்க்கிற ஆளை ஊரே கண்டுபிடித்துவிட்டால் அந்த வேலைக்கு என்ன அர்த்தம் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள்.

அதற்குப் பதிலாக வந்ததுதான் சின்னது. ஒரு மரப்பெட்டியில், உள்ளே பச்சைத் துணி வைத்து, ஒன்றே ஒன்று வந்தது. கூட ஒரே ஒரு பெட்டித் தோட்டா. உள்ளங்கைக்குள் முக்கால்வாசி மறைந்துவிடும். குழல் என் நடுவிரல் நீளம்கூட இல்லை. ஐந்து தோட்டாதான் பிடிக்கும். கைப்பிடியில் மூன்று விரல்தான் நிற்கும், சுண்டுவிரலுக்கு இடம் கிடையாது, அது அந்தரத்தில் மடங்கி நிற்கும். இதையும் பெரியதையும் ஒன்றாக வைத்துச் சுட்டுப் பார்த்து, எத்தனை கஜம் வரைக்கும் இதை நம்பலாம் என்று எழுதி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு.

யார் சுடுவது என்கிற கேள்வியே எழவில்லை. இருக்கிறவர்களில் நன்றாகச் சுடுகிறவன் நான், அதனால் நான்தான் என்று ஆகிவிட்டது. பரீட்சை என்றால் நல்ல கையைத்தான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு அவமானம். அந்தச் சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு திரியப்போகிறவர் சுமாராகச் சுடுகிறவர், அவர் கையில் அது எப்படி என்றுதானே பார்க்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மாசி மாதக் காலை, வெயில் ஏறவில்லை, காற்றே இல்லை. எங்கள் வெள்ளைக்கார மேலதிகாரி, பெரிய துரை, வருவதற்கு முன்னால் கண் பார்க்கிற தோட்டாக்களைச் சுட்டேன். பெரியதில் இரண்டு, இரண்டும் கறுப்புக்குள். சின்னதில் இரண்டு. விசை கனமாக இருந்தது, அழுத்தி முடிப்பதற்குள் அது கையில் ஒரு துள்ளல் துள்ளியது. போய்ப் பார்த்தால் இரண்டும் கறுப்புக்கு வெளியே, இடது பக்கம், கீழே, ஒரு சாண் தள்ளி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விழுந்திருந்தன. குழல் நுனியில் குறி பார்க்க இருக்கிற முன்குறியைப் பிசகிச் செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது. பள்ளத்துக்காரரை விசில் அடித்துக் கூப்பிட்டேன். நாலு ஓட்டையையும் ஒட்டினார். நான் கோட்டுக்குத் திரும்பி வந்தேன்.

துரை வந்தார், பிரம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னால் நின்றார். நான் சுட்டேன். சின்னதை எடுத்தபோது கறுப்பைக் குறி வைக்கவில்லை, வலது பக்கம் மேலே ஒரு சாண் தள்ளி வெறும் வெள்ளையைக் குறி வைத்தேன். கறுப்பின் நடுவில் விழுந்தது. ஐந்து தீர்ந்ததும் ஒன்று போட்டு ஆறாக்கிக்கொண்டேன். பத்து கஜத்தில் ஆறுக்கு ஆறு. பதினைந்தில் ஆறுக்கு ஆறு. இருபத்தைந்தில் பெரியது ஒரு கையால் மூடிவிடுகிற அளவுக்குள் நின்றது, சின்னது சுளகு அகலத்துக்குச் சிதறியது. துரை பலகைக்குப் பக்கத்தில் போய்ப் பிரம்பால் ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டார். ரொம்ப நல்லது ஏட்டு என்று அவருடைய தமிழில் சொன்னார். எழுத்தர் இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வந்த தாளில் தூரம், சுட்டது, பட்டது என்று மூன்று கட்டம்தான் இருந்தது. எங்கே குறி வைத்தாய் என்று எழுத நாலாவது கட்டம் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

பங்குனியில் அந்தத் துப்பாக்கியை என் தங்கை வீட்டுக்காரரிடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தார். சட்டையைத் தூக்கிக் காட்டினார், ஒன்றுமே தெரியவில்லை. அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். பிறகு என்னிடம் கேட்டார்.

"இத நம்பலாமா மச்சான்?"

"பதினஞ்சு கஜத்துக்குள்ள தாராளமா நம்பலாம் மாப்ள. நானே சுட்டுப் பாத்திருக்கேன்ல."

ரெண்டு சுட்டுப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பெட்டியில் தோட்டா மிச்சம் இருந்தது. ஆனால் அந்தத் தோட்டா பெரியதில் சேராது, தீர்ந்தால் பம்பாயிலிருந்து வர வேண்டும். அதனால் வேண்டாம், வீணாக்க வேண்டாம், பெரியதைச் சுடத் தெரிந்தவருக்கு இது என்ன என்று சொல்லிவிட்டேன். சரி மச்சான் என்றார். எதைச் சொன்னாலும் சரி மச்சான் என்பவர் அவர். இடது பக்கம் இழுக்கும் என்று நான் சொல்லவில்லை. மறைத்தேன் என்று இல்லை, அது எனக்கு அப்போது ஞாபகத்திலேயே இல்லை. ஒட்டு வைத்ததோடு போய்விட்டது. கையில்தான் இருந்திருக்கும், தலையில் இல்லை.

ஆடி மாதம் ஒரு நாள், காலை ஒன்பது மணி இருக்கும். வாடிப்பட்டிச் சாலையில் பாரவண்டிகளை மறித்துக் கொள்ளையடித்த வழக்கில் தேடப்பட்ட ஒருவனைச் சிம்மக்கல்லில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அவன் சந்துகளில் புகுந்து ஆற்றுக்குள் இறங்கி ஓடினான். வைகையில் தண்ணீர் ஓரமாக ஒரு கோடுதான், மற்றதெல்லாம் மணல். மணலில் ஓட முடியாமல் அவன் திரும்பி நின்றபோது கையில் அரிவாள் இருந்தது. நடுவில் பதினைந்து எட்டு வைக்கிற தூரம் இருக்கும். மாப்பிள்ளை நில் என்று எச்சரித்தார், பிறகு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறபடி இடுப்புக்குக் கீழே, அவன் தொடையைக் குறி வைத்துச் சுட்டார். மணல் தெறித்தது. மறுபடியும் சுட்டார். மறுபடியும் மணல் தெறித்தது. மூன்றாவதாகச் சுடுவதற்கு முன்னால் அவன் அவர் மேல் வந்து விழுந்துவிட்டான். வலது கையில் வெட்டு. துப்பாக்கி மணலில் விழுந்தது. அவன் அக்கரை ஏறிப் போய்விட்டான்.

செய்தி வந்தபோது நான் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்து முடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன, மணிக்கட்டு வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. கட்டு சுத்தமாகப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. தங்கை அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அழ வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் பல் பிடுங்குகிறவர் மருந்து போட்ட தாடை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

மாப்பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சரியாத்தான் புடிச்சேன் மச்சான். தொடைக்கு நேராத்தான் புடிச்சேன். எடது பக்கமா மணல்ல போயி குத்துச்சு."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இடது பக்கம், கீழே, ஒரு சாண். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த என் கை தானாக வலது பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. காப்பி வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தேன், வாங்கினேன், ஆற்றி அவர் வாயில் ஊற்றினேன். அந்தச் சூட்டில் அவர் முகம் சுளித்தது இப்போதும் தெரிகிறது.

இரண்டு வாரத்தில் விசாரணை ஆரம்பித்தது. ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர் சாட்சி. மூன்று பேரும் பார்த்ததைச் சொன்னார்கள், அவர் மணலில் சுட்டார் என்று. ஓடிப் போனவனும் வாடிப்பட்டிப் பக்கத்து ஆள், மாப்பிள்ளையும் வாடிப்பட்டிப் பக்கத்து ஆள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். விசாரிக்க வந்த டிப்டி சூப்பிரண்டு என் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். பதினைந்து கஜம், ஆறுக்கு ஆறு, கீழே என் கையெழுத்து. துப்பாக்கியில் குறை இல்லை. அப்படியென்றால் ஆள்தான் வேண்டுமென்றே தள்ளிச் சுட்டுத் தப்பவிட்டிருக்கிறான். இதுதான் குற்றச்சாட்டு. நிரூபணம் ஆனால் வேலை போகும், அதுகூடப் பரவாயில்லை, கொள்ளைக்காரனுக்குக் கூட்டு என்கிற பெயரோடு ஊருக்குத் திரும்ப வேண்டும். விரலையும் கொடுத்துவிட்டு அந்தப் பெயரையும் சுமக்க வேண்டும்.

தங்கை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க சுட்டப்பப் பட்டுச்சுல்ல. அவருக்கு மட்டும் ஏன் படல?"

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுக்குள்ளேயே புருஷன் மேல் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். விசாரிப்போம், போ என்று அனுப்பிவிட்டேன்.

சொல்லாமலே சரிபண்ணிவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது. அதை இப்போது நினைத்தால் என் மேல் எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு ரொம்ப சாமர்த்தியமான யோசனையாகத்தான் பட்டது. துப்பாக்கியை இன்னொரு தடவை சுட்டுப் பார்க்க வேண்டும் என்று டிப்டியிடம் கேட்பது. சுடுகிறபோது சின்னதை நேராகக் குறி வைப்பது. அது தானாக இடது பக்கம் போய்விடும். மணலில் விழுந்ததில் முன்குறி வளைந்திருக்கும், அதனால்தான் படவில்லை என்று ஆகிவிடும். வெட்டுப் பட்ட பிறகுதானே துப்பாக்கி மணலில் விழுந்தது என்று யாராவது கேட்டால், ஓடுகிறபோது எங்காவது இடித்திருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். மாப்பிள்ளையும் தப்பிப்பார். என் கையெழுத்தும் தப்பிக்கும். டிப்டி ஒப்புக்கொண்டார்.

அதே நாகமலை அடிவாரம். டிப்டி வந்தார், இன்ஸ்பெக்டர் வந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் பார்க்க உரிமை உண்டு என்பதால் மாப்பிள்ளையும் வந்திருந்தார், கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டு, துவைத்த வேட்டி கட்டி ஓரமாக நின்றார். டிப்டி விவரமான ஆள். கறுப்பு வட்டமெல்லாம் வேண்டாம், ஒரு மனிதனின் கால் அகலத்துக்கு ஒரு பலகையை நடச் சொன்னார். பதினைந்து எட்டை அவரே நடந்து அளந்தார். கண் பார்க்கிற தோட்டா கிடையாது, முதல் தோட்டாவே கணக்கு என்று சொன்னார். அந்த வழக்கம் அவருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அதைக் கேட்டு நிம்மதியாகக்கூட இருந்தது, முதல் தோட்டா இடது பக்கம்தானே போகும்.

முதலில் பெரியதைச் சுட்டேன். இரண்டும் பலகையில் பட்டன. பிறகு சின்னதை எடுத்தேன். பலகையின் நடுவைத்தான் பார்த்தேன். நடுவைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சுண்டுவிரல் அந்தரத்தில் மடங்கி நின்றது. விசையை அழுத்தினேன்.

பலகையின் நடுவில் பட்டது.

எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முன்குறியை நான் எங்கே வைத்தேன், கடைசி நொடியில் கை எங்கே போனது, சத்தியமாகத் தெரியாது. இருபது வருஷம் பட வேண்டும், பட வேண்டும் என்றே பழக்கிய கை. படாமல் சுடு என்றால் அதற்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அல்லது அத்தனை பேர் பார்க்க நான் தவற விடுவதை நானே பொறுக்காமல் இருந்தேனோ என்னவோ. டிப்டி இன்னொன்று என்றார். இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பிடித்தேன், பிடித்ததாகத்தான் நினைத்தேன். பலகையின் இடது ஓரத்தைச் சிராய்த்து உள்ளே போனது. அதுவும் பட்டதுதான். போதும் என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். துப்பாக்கியை வைத்துவிட்டு டிப்டி முன்னால் போய் நின்று, இது இடது பக்கம் இழுக்கிற துப்பாக்கி ஐயா, மாசியில் நான் சுட்ட முதல் இரண்டும் ஒரு சாண் தள்ளித்தான் விழுந்தன, ஒட்டி மறைத்துவிட்டோம், பிறகு தள்ளிக் குறி வைத்துத்தான் ஆறுக்கு ஆறு எடுத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாரையாவது சுடச் சொல்லிப் பாருங்கள் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"முதல் தோட்டா இடது பக்கம் போகும்னு சொல்றீங்க. இப்ப முதல் தோட்டா எங்க போச்சு?"

நான் திரும்பிப் பலகையின் நடுவில் இருந்த ஓட்டையைப் பார்த்தேன். தங்கை வீட்டுக்காரருக்காக இவ்வளவு சொல்கிறீர்கள், அது இயற்கைதான், அதனால் இதை எழுதாமல் விடுகிறேன் என்றார் டிப்டி. வேறொருவர் சுட்டுத் தவறினால் அவர் சரியில்லை என்றுதான் ஆகும், துப்பாக்கி சரியில்லை என்று ஆகாது என்றும் சொன்னார். அதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. மாசியில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் யோசித்திருந்தோம்.

மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. துப்பாக்கியை மரப்பெட்டியில் வைத்து வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். யார் இடுப்புக்குப் போனதோ தெரியாது. நான் ஒரு துண்டுத் தாளில் இடது பக்கம் இழுக்கும் என்று எழுதி அந்தப் பச்சைத் துணிக்கு அடியில் வைத்தேன், யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்றும் தெரியாது. தங்கையும் மாப்பிள்ளையும் வாடிப்பட்டிப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். மாப்பிள்ளை இடது கையால் மண்வெட்டி பிடிக்கப் பழகினார். ஊரில் இரண்டு வருஷம் அவர் டீக்கடையில் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுமாம், பிறகு அவரே போவதை நிறுத்திக்கொண்டார். தங்கை என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசினாள், சாப்பாடு போட்டாள், பிள்ளைகளை என் மடியில் விட்டாள். அதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருந்ததே தவிர வேதனையாக இல்லை. வேதனைப்படுகிற இடம் மரத்தபடியே இருந்தது. ஒழுங்காகத் தூங்கினேன், ஒழுங்காக வேலைக்குப் போனேன், கண் பார்க்கிற தோட்டாவை மட்டும் ஒட்ட விடவில்லை. அதனால் சுட வந்தவர்கள் என்னை வாய்விட்டுத் திட்டினார்கள்.

நான் வேலையை விட்ட வருஷம் அவர்கள் ஊருக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளையோடு வயல்வரப்பில் நடந்தேன். வாழைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அவர் மடை மாற்றிவிட்டு நிமிர்ந்ததும், அன்றைக்கு டிப்டியிடம் சொன்னதை அவரிடம் முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். முன்குறி பிசகு, இரண்டு ஒட்டு, தள்ளி வைத்த குறி, ரெண்டு சுட்டுப் பார்க்கிறேன் என்று அவர் கேட்டதும் நான் வேண்டாம் என்றதும், எல்லாம். துப்பாக்கிதான் தப்பு, நீங்கள் சரியாகத்தான் பிடித்தீர்கள் மாப்ள என்றேன்.

அவர் மண்வெட்டியைக் கழுவினார். என் மேல் கோபமே இல்லை. யாருக்கோ ஆறுதல் சொல்கிற குரலில்தான் பேசினார்.

"எனக்காகச் சொல்லாதீக மச்சான். அன்னைக்கு நீங்க பலகையில சுட்டப்ப நானும் அங்கதான நின்னேன். அது சரியாத்தான் சுட்டுச்சு. ஏங்கைதான் சரியில்ல, அத அப்பயே வீட்லயும் சொல்லிட்டேன்."